பன்னிரண்டாவது உறையிலிருந்து

விதைப் பண்ணை
6 ஜூன் 1999

அவோர்,

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் உங்கள் விடுதி மேட்ரன் அதைப் பிரித்துப் படித்திருப்பார் என்று தெரியும். மேட்ரன் அவர்களே, வணக்கம். இதில் காதல் கீதல் ஒன்றும் இல்லை. வெறும் சோயா.

டிசம்பரில் நீ பஸ்ஸில் அனுப்பிய தொண்ணூற்றாறு உறைகளையும் மார்ச்சில் விதைத்தேன். உறைக்கு ஒரு வரிசை, வரிசைக்கு இருபது செடி. மழை நன்றாகப் பெய்தது, துரு நோயும் நன்றாக வந்தது. ஊரில் துரு வந்தால் அழுகிறோம், இங்கே வரவில்லை என்றால் அழுகிறோம். இப்போது காலையில் எல்லா இலைகளையும் புரட்டிப் பார்ப்பதுதான் என் வேலை. அடியில் பழுப்புத் தூள் இருந்தால் துரு. இல்லாவிட்டால் சுத்தம்.

உனக்கு நினைவிருக்கிறதா? நம் வயலில் போன அக்டோபரில் நானும் பண்ணையில் விதை ஸ்டோரைப் பார்க்கும் ஒக்விரும் எண்ணியபோது எழுபத்தொரு செடி சுத்தம், இருபத்தைந்தில் துரு. நாலில் மூன்று பங்கு. துருவைத் தாங்கும் குணம் ஒரே ஒரு மரபணுவில் இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். அன்று நான் வயலில் குதித்தேன், ஒக்விர்கூட, "அக்கா, மெதுவா! எழுபத்திரண்டாவது செடிய மிதிச்சுடப் போறீங்க" என்றான்.

துருப் பிடித்த செடியிடம் அந்த மரபணு அறவே இல்லை. சோயாப் பூ தனக்குள்ளேயே கருவுறுகிறது. தாயும் தகப்பனும் ஒரே செடிதான். ஆகவே துருச் செடியின் பிள்ளைகள் எல்லாமே துருச் செடிகளாகத்தான் இருக்க வேண்டும். நீ ஒவ்வொரு செடியின் விதையையும் தனி உறையில் போட வேண்டும் என்று நான் அத்தனை தடவை சொன்னது இதற்காகத்தான்.

முதல் பதினொரு உறைகள் புத்தகத்தில் உள்ளபடியே நடந்துகொள்கின்றன. நான்கு, ஏழு, ஒன்பது மூன்றும் துருச் செடிகள், அவற்றின் பிள்ளைகள் மொத்தமும் துரு. பன்னிரண்டாவது உறையிலிருந்து என்னவோ ஆகிவிட்டது. எல்லா வரிசையும் ஒன்றுபோல. இருபதில் ஆறேழு துரு, மிச்சம் சுத்தம். துருத் தாய்க்குச் சுத்தமான பிள்ளைகள்!

என் ஆய்வு வழிகாட்டி டாக்டர் கவூமா வரிசைகளின் நடுவே இரண்டு முறை நடந்து பார்த்துவிட்டு, "அபேஜா, இது ஏதோ பேசின்ல போட்டுக் கலக்குன மாதிரில்ல இருக்கு?" என்றார்.

"எங்க வீட்லயா சார்? என் தங்கச்சி ஒவ்வொரு செடியையும் கைக்குழந்தை மாதிரி பாத்துப்பா" என்றேன்.

இந்தப் பருவத்தோடு என் உதவித்தொகை முடிகிறது. என் ஆய்வேட்டில் இந்த அத்தியாயம் தேறாவிட்டால் என் படிப்பும் அதோடு முடிந்துவிடும். எனக்கு ஒரே ஒரு வரி எழுதி அனுப்பு, ஒவ்வொரு செடியையும் தனித்தனியாக அடித்து உறையில் போட்டேன் என்று. அவரிடம் காட்டினால் போதும். வேறெதுவும் வேண்டாம்.

விடுதியில் களியில் புழு குறைந்ததா?

உன் அபேஜா


பெண்கள் விடுதிப் பள்ளி, லிரா
14 ஜூன் 1999

அபேஜா அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. மேட்ரன் சிரித்தபடியே கொடுத்தார். புழு குறையவில்லை. ஆனால் இப்போது நாங்கள் அதைப் பொறுக்கி எடுப்பதில்லை, நேரம் ஆகிறது.

நீ கேட்ட வரி இதோ.

1998 டிசம்பரில், தொண்ணூற்றாறு சோயாச் செடிகளையும் நான் தனித்தனியாக அடித்து, தனித்தனி உறைகளில் போட்டு, எண் எழுதினேன். இப்படிக்கு அவோர், இரண்டாம் படிவம்.

போன வாரம் கணக்குப் பரீட்சை. பரவாயில்லை. உயிரியல் ஆசிரியை, பட்டாணி வளர்த்து மரபு விதிகளைக் கண்டுபிடித்த துறவியைப் பற்றிப் பாடம் நடத்தினார். அந்தத் துறவி ஒவ்வொரு பட்டாணியையும் எண்ணினார் என்று சொன்னபோது குறிப்பு எழுதுவதை நிறுத்திவிட்டேன். கை வலியினால் இருக்கும்.

ஒன்று கேட்கிறேன். ஒருவேளை விதை கலந்திருந்தால் என்ன ஆகும்? கலந்தது என்று நான் சொல்லவில்லை. சும்மா தெரிந்துகொள்ளத்தான். திரும்பப் பிரிக்க ஏதாவது வழி இருக்கிறதா?

ஒக்விர் அண்ணன் எப்படி இருக்கிறார்? அவர் கொடுத்த பென்சிலில்தான் இதை எழுதுகிறேன். வயலில் பேனா கூடாது, மை கரைந்துவிடும், பென்சில் மழைக்கும் அசையாது என்று சொல்லிக் கொடுத்தாரே, அந்தப் பென்சில். அரை விரல் நீளம்தான் மிச்சம்.

அவோர்


விதைப் பண்ணை
2 ஜூலை 1999

அவோர்,

உன் வரிக்கு நன்றி. டாக்டரிடம் காட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "சரி, வயல்ல கலக்கல. அப்ப ஸ்டோர்லதான் கலந்திருக்கணும்" என்றார்.

ஸ்டோர் என்றால் ஒக்விர். டிசம்பரில் உன் உறைகள் வந்ததும் அவன் அவற்றைப் பிரித்து வெயிலில் உலர்த்தினான். பதினொரு உறைகளைச் சின்னத் தட்டிலும் மீதியைப் பெரிய தட்டிலும் வைத்தான் என்று பதிவேட்டிலேயே இருக்கிறது. பெரிய தட்டுக் கவிழ்ந்திருக்க வேண்டும் என்று டாக்டர் முடிவுக்கு வந்துவிட்டார். யோசித்துப் பார்த்தால் பொருந்தத்தான் செய்கிறது. நானும் பொருந்துகிறது என்றுதான் சொன்னேன்.

அவனை அறைக்குக் கூப்பிட்டார்கள். நானும் இருந்தேன்.

"ஒக்விர், தட்டு கவுந்துச்சா?"

"இல்ல சார், கவுறல."

"அப்ப எதுக்குய்யா உலர்த்துன? பிரிக்காம அப்படியே பெட்டில வச்சிருக்கலாம்ல?"

ஒக்விர் தலையைத் திருப்பினான். என்னைப் பார்த்தான். பிறகு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான். "உலர்த்தணும்னு தோணுச்சு சார்" என்றான். அவ்வளவுதான். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசியிருந்தால் எச்சரித்து விட்டிருப்பார்கள். அவன் தினக்கூலி, கையில் நியமனக் காகிதம் எதுவும் கிடையாது. ஸ்டோர் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு மறுநாளே போய்விட்டான். நான்கு வருஷம் இங்கே இருந்தவன். போகும்போது என் நாற்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் போயிருக்கிறான்.

என் உதவித்தொகையை ஒரு பருவம் நீட்டியிருக்கிறார்கள். ஸ்டோரில் நடந்த தவறு, மாணவியின் தவறு அல்ல என்று எழுதிக் கொடுத்தார்கள். நல்ல செய்திதானே? அம்மாவிடமும் சொல்.

கலந்த விதையைப் பிரிக்க முடியாது. பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான்.

நன்றாகப் படி.

அபேஜா


லிரா
9 ஜூலை, இரவு

அக்கா,

இதைத் துணி வைக்கும் அறையில் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். விளக்கணைத்து நேரமாகிவிட்டது. பிடிபட்டால் பத்து அடி, புல் வெட்டுவது ஒரு வாரம். அதற்குப் பயமில்லை. உனக்குத்தான் பயம். மேட்ரன் கண்ணில் படாமல், வீட்டிலிருந்து வந்து படிக்கும் பெண் ஒருத்தி மூலம் இதை அனுப்புவேன். அவளுக்கு என் சோப்பைத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

தட்டுக் கவிழவில்லை. ஒக்விர் அண்ணன் ஒன்றும் செய்யவில்லை. நான்தான்.

நீ சொன்னபடியே எல்லாச் செடிகளையும் பிடுங்கி, எண் எழுதிய சீட்டை வாழைநாரால் தண்டில் கட்டி, முற்றத்தில் தார்ப்பாய் விரித்து வரிசையாகக் காயவைத்தேன். மூன்றாம் நாள் காலையில் அடிக்க ஆரம்பித்தேன். ஒரு செடியை எடுத்து, சாக்கில் வைத்து, குச்சியால் தட்டி, விதையைப் புடைத்து, உறையில் போட்டு, எண் எழுதி, பிறகு சாக்கை உதறி அடுத்த செடி. நத்தை வேகம்தான், ஆனாலும் பதினொன்று முடித்துவிட்டேன். அம்மா சந்தைக்குப் போயிருந்தாள்.

பன்னிரண்டைக் கையில் எடுத்தபோது வெளிச்சம் மாறியது. தலையைத் தூக்கினால் கிழக்கே ஏரிப் பக்கம் கறுத்துக் கிடந்தது. டிசம்பரில் மழை வரும் என்று யார் நினைத்தார்கள்? நான் உறைகளைத்தான் முதலில் வீட்டுக்குள் கொண்டுபோனேன். அதுதான் என் புத்தி. திரும்பி வருவதற்குள் பக்கத்து வீட்டு ஒக்வாங் அம்மா வேலியைத் தாண்டிக் குதித்து வந்துவிட்டாள். அவள் பின்னால் அவள் மருமகள்கள், அச்சேங் அத்தை, எல்லோரும்.

"ஏய் பொண்ணு, என்ன மரம் மாதிரி நிக்குற! தார்ப்பாயத் தூக்கு!"

"அத்தை, வேணாம், நம்பர் இருக்கு..."

"நம்பர அப்புறம் போடலாம்டி, மழை உன் நம்பரக் கேட்டுட்டா வரும்? அந்த மூலையப் புடி!"

உனக்குத் தெரியும் அக்கா. மழை வந்தால் யாருடைய களம் என்று நம் ஊரில் யாரும் பார்ப்பதில்லை. கண்ணில் பட்டவர் ஓடி வந்து வாரிக் குவிப்பார். போன வருஷம் நாங்களும் அவர்களுடைய எள்ளை அப்படித்தான் காப்பாற்றினோம். நான் கத்தியிருக்க வேண்டும். பெரியவர்களைக் கையைப் பிடித்துத் தள்ளியிருக்க வேண்டும். நான் "வேணாம் அத்தை" என்று இரண்டு முறை சொன்னேன். இரண்டாம் முறை எனக்கே கேட்கவில்லை.

தார்ப்பாயின் நான்கு மூலைகளையும் பிடித்துச் செடிகள் மொத்தத்தையும் மூட்டை மாதிரிச் சுருட்டி அடுப்படிக்குள் கொண்டுபோனார்கள். பாதி நெற்று வழியிலேயே வெடித்துவிட்டது. மழை அடித்து ஊற்றியது. உள்ளே வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. ஈரத்தோடு வைத்தால் முளைத்துவிடும் என்று அங்கேயே உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு அடித்தார்கள். சீட்டுகள் எல்லாம் சருகோடு போயின. ஒக்வாங் அம்மா ஒரு பேசின் நிறைய விதையை என் முன்னால் வைத்து, "ஒரு மணி நனையல பாரு! உங்கக்காகிட்ட சொல்லு, ஒக்வாங் அம்மாவுக்கு ஒரு சீலை வாங்கியாரணும்னு" என்று சிரித்தாள். நான் "நன்றி அத்தை" என்றேன். அதைத்தான் சொன்னேன் அக்கா. மண்டியிட்டு நன்றி சொன்னேன்.

அம்மாவிடமும் சொல்லவில்லை. மிச்சம் எண்பத்தைந்து உறைகள் வெறுமையாக இருந்தன. நீ போகும்போது சொன்னது மட்டும் காதில் இருந்தது, "ஒரு உறைகூடக் குறையக் கூடாது." நான் பேசினிலிருந்து எடுத்து ஒவ்வோர் உறையிலும் போட்டேன். ஒன்றில் கூடவும் ஒன்றில் குறையவும் ஆகிவிடக் கூடாது என்று எண்ணி எண்ணி நாற்பது நாற்பதாகப் போட்டேன். இரண்டு நாள் ஆனது. மிச்ச விதையைக் கிறிஸ்துமஸ் வரை குழம்பில் அரைத்துப் போட்டுச் சாப்பிட்டோம். 

உன் கடிதத்தில் "பன்னிரண்டாவது உறையிலிருந்து" என்று படித்தபோது யாரோ என் பெயரைக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. அப்போதே எழுதியிருக்கலாம். நீ கேட்ட வரியை எழுதினேன்.

துரு நோயில் சோயா இலை உதிர்ந்து அழிந்த வருஷம், பள்ளிக் கட்டணம் இல்லாமல் நான் ஒரு பருவம் வீட்டில் இருந்தபோது நீ என்ன சொன்னாய்? இலை உதிராத சோயாவைக் கொண்டுவந்து இந்த ஊர் முழுக்க விதைப்பேன் என்றாய். நான் அதை அரைத்துத் தின்றுவிட்டேன்.

ஒக்விர் அண்ணனைத் திரும்பக் கூப்பிடச் சொல். என் கடிதத்தைக் காட்டு. யாரோ நடக்கிறார்கள், நிறு


லிரா
8 ஆகஸ்ட் 1999

அக்கா,

நேற்றுப் பெற்றோர் பார்க்க வரும் நாள். அம்மா வேர்க்கடலை விழுதும் வறுத்த கிழங்கும் கொண்டு வந்தாள். சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள், "அபேஜா உன்னப் பாத்துட்டுத்தானே போனா?"

"எப்பம்மா?"

"அடியே, போன சனிக்கிழம வந்தாளே. ராத்திரி தங்கி, காலைல ஒரு துண்டு நெலத்துல சோயா போட்டுட்டு மத்தியானமே கெளம்பிட்டா. லிரா வழியாத்தானே பஸ்ஸு!"

"பாத்தாம்மா" என்று சொன்னேன். மறுபடி ஒரு பொய். இது உனக்காகச் சொன்னது.

ஒரு மாதம் ஆகிறது, உன்னிடமிருந்து ஒரு எழுத்து இல்லை. அந்தக் கடிதம் வந்ததா இல்லையா என்றாவது எழுது. திட்டி எழுது. பஸ் நிலையத்திலிருந்து எங்கள் வாசல் நடந்தால் பத்து நிமிஷம். அங்கே இறங்கி, என்னைப் பார்க்காமல் வேறு பஸ் ஏறும் அளவுக்கு ஆகிவிட்டேனா?

அன்று இரவு பிடிபடவில்லை. பூனைதான் நடந்தது.

அவோர்


விதைப் பண்ணை
25 செப்டம்பர் 1999

அவோர்,

உன் கடிதம் வந்தது. ஜூலை இருபதாம் தேதியே வந்தது. திட்டி எழுதலாம் என்று நான்கு முறை உட்கார்ந்தேன். நான்கு முறையும் என் பக்கம்தான் திரும்பியது.

பஸ் நிலையத்தில் இறங்கினேன். உன் வாசலுக்கு நடக்கவும் செய்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் நீங்கள் தண்ணீர்க் குடத்தோடு போய்க்கொண்டிருந்தீர்கள். நீ ஒருத்தியிடம் எதையோ சொல்லிச் சிரித்தாய். உன் எதிரில் வந்து நின்றால் நீ மன்னிப்புக் கேட்பாய், அதை வாங்கிக்கொள்ள எனக்குத் தகுதி இல்லை என்று தோன்றியது. திரும்பிவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

மார்ச்சில் விதைக்கும்போது நான்தான் உறைகளைப் பிரித்தேன். ஒவ்வொன்றிலும் இருபதை எடுத்து விதைத்துவிட்டு மிச்சத்தை எண்ணிக் குறிக்க வேண்டும். முதல் உறையில் தொண்ணூற்று மூன்று விதை. இரண்டாம் உறையில் நாற்பத்தெட்டு. நான்காம் உறை துருச் செடியுடையது, அதில் இருபத்தெட்டுதான், எல்லாம் சூம்பல். ஒரு செடியைப் போல ஒரு செடி காய்க்காது. பன்னிரண்டாம் உறையில் இருபதை எடுத்தேன், இருபது மிச்சம். பதின்மூன்றில் இருபதை எடுத்தேன், இருபது மிச்சம். பதினான்கிலும் இருபது. பதினாறோடு எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

எனக்கு அப்போதே தெரியும் அவோர். எந்தச் செடியும் எண்ணி நாற்பது விதை தராது. எண்ணியது ஒரு பிள்ளை, பயந்துபோன பிள்ளை, அது யார் என்பதும் தெரியும். அன்றே உனக்கு எழுதியிருந்தால் ஒரு பருவம்தான் போயிருக்கும். நான் பதிவேட்டில் 'போதிய விதை' என்று எழுதிவிட்டு விதைத்தேன். எப்படியாவது சரியாக வந்துவிடாதா என்று நினைத்தேன். மூன்று மாதம் அந்தச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

ஜூனில் உன்னிடம் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. என்ன எழுத வேண்டும் என்பதையும் நானே எழுதி, அதைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். நீ அனுப்பினாய். உன் பொய்யில் பாதி என்னுடையது. ஒக்விரின் விஷயத்தில் முழுவதும் என்னுடையது. அறையில் நான் நின்றுகொண்டிருந்தேன். பொருந்துகிறது என்று சொன்ன வாய் என்னுடையது.

அவனை லிரா பஸ் நிலையத்தில் கண்டுபிடித்தேன். சைக்கிள் பழுது பார்க்கிறான். என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சக்கரத்தைச் சுழற்றியபடியே கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஈரமா இருந்துச்சுக்கா" என்றான். "முதப் பதினொண்ணு கலகலன்னு காஞ்சு இருந்துச்சு. பன்னெண்டுலேர்ந்து தொட்டாலே ஒட்டுது. அதான் ரெண்டு தட்டா பிரிச்சு உலர்த்துனேன். மழைல மாட்டிருக்குன்னு அன்னிக்கே தெரியும்."

"அப்புறம் ஏன் அவங்க கேட்டப்ப சொல்லல?"

"நீங்க அங்க நின்னீங்கள்ல. நீங்களே சொல்வீங்கன்னு பாத்தேன். சொல்லல. சரி, படிக்கிற பொண்ணு, பிழைச்சுப் போகட்டும்னு விட்டுட்டேன். தங்கச்சி செஞ்சதுன்னு எனக்குத் தெரியாது, நீங்க சொல்லித்தான் வீட்ல கலந்து அடைச்சாங்கன்னு நெனச்சேன்."

திரும்பி வா, நான் டாக்டரிடம் சொல்கிறேன் என்றேன். சிரித்தான். "சாவியக் குடுப்பாங்கக்கா. குடுத்துட்டு, ஒவ்வொரு தட்டையும் எட்டி எட்டிப் பாப்பாங்க. இங்க யாரும் என் தோளுக்கு மேல பாக்கறதில்ல. டயர்ல காத்து நின்னா நிக்குது, இல்லன்னா இல்ல."

ஆகஸ்ட் முதல் வாரத்தில் டாக்டர் கவூமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் கடிதத்தைக் காட்டவில்லை, என் பதிவேட்டைக் காட்டினேன். அவர் கத்தவில்லை. பேனாவை எடுத்து அந்த அத்தியாயத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார். ஒக்விருக்கு மன்னிப்புக் கேட்டு அவரே கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. எனக்கு உதவித்தொகை நின்றுவிட்டது. வெளியே போ என்று சொல்லவில்லை, ஒரு வருஷம் உன் செலவில் மறுபடி செய் என்றார். பகலில் வேறு ஒருவருக்கு மக்காச்சோளக் கதிர் அளக்கிறேன்.

பெட்டியின் அடியில் அந்தத் தொண்ணூற்றாறுக்கும் தாயான கலப்புச் செடியின் விதை முப்பத்தொன்பது மிச்சம் இருந்தது. அதைத்தான் வீட்டில் விதைத்துவிட்டு வந்தேன். அவ்வளவுதான் இருக்கிறது உலகத்தில். டிசம்பரில் அதை அறுவடை செய்ய எனக்கு வேறு ஆளைத் தெரியாது.

அக்டோபரில் துருவை எண்ண வருவேன். இந்த முறை உன் வாசலில் நிற்பேன்.

அபேஜா


வீடு
12 டிசம்பர் 1999

அக்கா,

இந்தக் கடிதத்தைப் பகலில், முற்றத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தில் உறைகள் இருக்கின்றன. நாளைய பஸ்ஸில் நடத்துநர் ஒதீம் கையில் கொடுத்துவிடுவேன்.

அக்டோபரில் நீ வந்தபோது நாம் இருவரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. நீ பன் வாங்கித் தந்தாய். முப்பத்தேழு செடி பிழைத்தது, இருபத்தெட்டு சுத்தம், ஒன்பதில் துரு என்று மட்டும் சொன்னாய். நான் பன்னைத் தின்றுகொண்டே தலையாட்டினேன். நீ போன பிறகு, தோழிகள் "அக்காவோட சண்டையா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அது பொய்யா உண்மையா என்று இன்னும் தெரியவில்லை.

பள்ளி முடிந்து வரும் வழியில் ஒக்விர் அண்ணனைப் பார்த்தேன். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் கடைக்கு எதிரில் ரொம்ப நேரம் நின்றேன். அவராகவே நிமிர்ந்தார்.

"வாம்மா பன்னெண்டு" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே, "நாப்பது நாப்பதாவா போட்ட? சந்தையில கடலை விக்கிறவகூட அவ்வளவு கரெக்டா அளக்க மாட்டா!" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மண்டியிட்டேன். "ஏய், எந்திரி, கிரீஸு ஒட்டும்" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு முழுப் பென்சிலை இரண்டு துண்டாக ஒடித்து ஒரு பாதியைக் கொடுத்தார்.

அறுவடையை எழுதுகிறேன். செடிகளைப் பிடுங்கி முற்றத்தில் காயவைத்தேன். இந்த முறை சீட்டை இரண்டு இடத்தில் கட்டினேன். நான்காம் நாள் அடிக்க உட்கார்ந்தபோது மறுபடியும் கிழக்கே இருட்டியது. ஒக்வாங் அம்மா வேலிப் பக்கம் வருவது தெரிந்தது. அவள் பின்னால் மருமகள்கள்.

"பொண்ணு, மூலையப் புடி!"

நான் கையிரண்டையும் விரித்துத் தார்ப்பாய்க்கு முன்னால் நின்றேன். "தொடாதீங்க!" என்று கத்தினேன். "யாரும் தொடக் கூடாது! போங்க!"

நம் ஊரில் ஒரு பெண் பிள்ளை அந்தக் குரலில் ஒரு பெரியவளிடம் பேசி நான் கேட்டதில்லை. ஒக்வாங் அம்மா குனிந்தவள் குனிந்தபடியே நின்றாள். பிறகு நிமிர்ந்து, கழற்றிப் போட்ட செருப்பை மாட்டிக்கொண்டாள். "நனையட்டும் விடு" என்று மருமகளிடம் சொல்லிவிட்டுப் போனாள். நான் ஒவ்வொரு செடியாக, ஒன்றாவது முதல் வரிசைப்படி, உள்ளே கொண்டுபோனேன். முப்பத்தேழு நடை.

மழை பெய்யவே இல்லை. மேகம் அப்படியே வடக்கே போய்விட்டது.

அம்மா வந்து கேள்விப்பட்டாள். ஒரு கோழியைத் தூக்கிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனாள். ஒக்வாங் அம்மா கோழியை வாங்கவில்லை. "படிச்சவங்க வீட்டு வெதைய நாங்க எதுக்கும்மா தொடணும்" என்றாள். நேற்று மாலை அவர்கள் முற்றத்தில் கேழ்வரகு காய்ந்துகொண்டிருந்தது. தூறல் போட்டது. நான் ஓடினேன். அவள் எனக்கு ஒரு மூலையும் தரவில்லை, மருமகள்களை வைத்தே சுருட்டிக்கொண்டாள். போன வருஷம் கத்தியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும், ஆனால் ஒக்விர் அண்ணன் பண்ணையிலேயே இருந்திருப்பார். இதை எந்தப் பக்கம் வைத்து யோசிப்பது என்று தெரியவில்லை.

உன்னிடம் முப்பத்தாறு உறைகள் வரும், முப்பத்தேழு அல்ல. பத்தொன்பதும் இருபதும் கலந்துவிட்டன. யாரும் வரவில்லை, மழையும் இல்லை, என் கால்தான் பட்டது. இரண்டையும் ஒரே உறையில் போட்டு, மேலே பென்சிலால் 'பத்தொன்பது, இருபது, கலந்துவிட்டது' என்று எழுதியிருக்கிறேன். பத்தொன்பதாவது, துருச் செடி. உன் ஒன்பதில் ஒன்று குறைந்துவிட்டது. இனி அதை யாராலும் பிரிக்க முடியாது, எனக்குத் தெரியும்.

நீ அடுத்து லிரா வழியாக வரும்போது அந்த உறையை மட்டும் எடுத்துக்கொண்டு வா. விதைப்பதற்கு முன்னால், மேலே நான் எழுதியிருப்பதை ஒக்விர் அண்ணனிடம் காட்ட வேண்டும்.

மற்றவற்றை நீ பிரித்துப் பார். எதிலும் எத்தனை விதை இருக்கிறது என்று நான் எண்ணவில்லை.

அவோர்